துக்கத்தில் தன்னிடம் பரிவாக இருப்பது: ஓர் எளிய விளக்கம்

‘உங்களை நீங்களே நேசியுங்கள்’ என்ற வரி இப்போது வாட்ஸ்அப் காலை வணக்கப் படங்களில்கூட வருகிறது. மற்ற நாட்களில் பார்த்துவிட்டுத் தள்ளிவிடலாம். போன மாதம்தான் தத்தநேரியில் அம்மாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்த ஒருவருக்கு அதே படம் வந்தால் எரிச்சல்தான் வரும். ‘அம்மாவே போயிருச்சு, நான் என்னைய நேசிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமாக்கும்’ என்று தோன்றும். அந்த எரிச்சலில் நியாயம் இருக்கிறது. இந்த விஷயத்தை நாம் அவ்வளவு மேம்போக்காகப் பேசிப் பழகிவிட்டோம். ஊர் சுற்றிவிட்டு வருவது, புதுத்துணி எடுப்பது என்று சிலர் இதை எடுத்துக்கொள்கிறார்கள். மூலையில் உட்கார்ந்து ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்று புலம்புவது என்று சிலர் நினைக்கிறார்கள். இறந்தவரைச் சீக்கிரம் மறப்பதற்கான வழி என்று பயப்படுகிறவர்களும் உண்டு.

மூன்றுமே தவறு. உளவியலில் இதற்குத் திட்டமான ஒரு பொருள் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் இதைத் ‘தன்பரிவு’ என்று குறிப்பிடுகிறேன். நமக்கு வேண்டிய ஒருவர் வேதனையில் இருந்தால் அவரிடம் எப்படி நடந்துகொள்வோமோ, அதே வேதனை நமக்கு வரும்போது நம்மிடமும் அப்படியே நடந்துகொள்வது. வரையறை அவ்வளவுதான். சொல்வதற்குச் சுலபம். செய்வது ஏன் கடினம், செய்தால் உடம்பிலும் மனசிலும் என்ன நடக்கிறது என்பதுதான் புரிந்துகொள்ள வேண்டியது.

## கேதம் கேட்க வரும் இரண்டு பேர்

மதுரைப் பக்கம் கேதத்துக்கு, அதாவது சாவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க, போய்வந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. தெருமுனையில் வேன் நிற்கும்போதே உள்ளே இருக்கும் பெண்களின் அழுகை வீடு வரைக்கும் கேட்கும். இறங்கி வந்து, வீட்டுப் பெண்களோடு வட்டமாகக் கட்டிப்பிடித்து உட்கார்ந்து அழுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கூட்டத்திலிருந்து வயதான ஒருவர், அத்தையோ சின்னம்மாவோ, கணவனைப் பறிகொடுத்தவளுக்குப் பின்னால் போய் உட்காருவார். அவிழ்ந்து கிடக்கும் முடியை அள்ளி முடிவார். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, ஆறிப்போன காப்பி டம்ளரை வாய்கிட்டக் கொண்டுபோய், ‘ஒரு வாய் குடி தாயி, ராத்திரியிலருந்து பச்சத்தண்ணி பல்லுல படல’ என்பார். எதையும் விசாரிக்க மாட்டார். அழுகையை நிறுத்தச் சொல்லவும் மாட்டார்.

அதே வீட்டுக்கு இன்னொருவரும் வருவார். சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததுமே, ‘எந்த ஆஸ்பத்திரில காட்டுனீக? மொதல்லயே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாம்ல? மாத்திரையெல்லாம் ஒழுங்கா குடுத்தீகளா?’ என்று ஆரம்பிப்பார். அவரும் கெட்டவர் இல்லை, ஆற்றாமையில்தான் கேட்கிறார். ஆனால் அவர் கேட்கக் கேட்க, எதிரே கைகட்டி நிற்கும் மகனின் முகம் இறுகிக்கொண்டே போகும்.

பதினாறாம் நாள் காரியம் முடியும். பந்தலைப் பிரிப்பார்கள். வாடகைச் சேர் வண்டியேறிப் போகும். உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் திருப்பூருக்குமாகச் சொந்தம் கலைந்துவிடும். முடியை அள்ளி முடிந்த அத்தையும் போய்விடுவார், விசாரித்தவரும் போய்விடுவார். விசாரித்தவரின் கேள்விகள் மட்டும் வீட்டிலேயே தங்கிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு, தூக்கம் கலைந்து கிடக்கும்போது, அந்தக் கேள்விகளை நம் குரலிலேயே நம்மிடம் கேட்போம்.

அந்த நேரத்தில் அந்த அத்தை செய்த வேலையை நாமே நமக்குச் செய்யப் பழகுவதுதான் தன்பரிவு.

## மூன்று பகுதிகள்

அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப், 2003இல் இந்தக் கருத்தை ஆய்வு செய்யத்தக்க விதத்தில் வரையறுத்தார். அவர் கணக்கில் இதற்கு மூன்று பகுதிகள். ஒன்று குறைந்தாலும் அது தன்பரிவு ஆகாது.

முதலாவது, தன்னிடம் கனிவு. தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், காயம்பட்டவராகப் பார்ப்பது. இதை விளக்கவே வேண்டியதில்லை, அந்தக் காப்பி டம்ளர் போதும்.

இரண்டாவதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். நம் துன்பம் எல்லா மனிதருக்கும் வருகிற துன்பம் என்று உணர்வது. இதைப் ‘பொது மனிதத்தன்மை’ என்று வைத்துக்கொள்ளலாம். கட்டி அழும் பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? இறந்தது இந்த வீட்டுக்காரர். ஆனால் ஒப்பாரியில் ஒருத்தி கூப்பிடுவது தன் அண்ணனை. பக்கத்தில் இருப்பவள் கூப்பிடுவது என்றோ பறிகொடுத்த தன் பிள்ளையை. யாரும் அதைத் தப்பாக எடுப்பதில்லை. அந்த வட்டத்தில் எல்லோருக்கும் ஒரு சாவு இருக்கிறது. நடுவில் இருக்கும் புதிய விதவைக்குத் தான் தனியாள் இல்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. தன்பரிவுக்கும் சுயபச்சாதாபத்துக்கும் வித்தியாசம் இங்கேதான். சுயபச்சாதாபத்தில் ‘உலகத்தில் எனக்கு மட்டும்தான்’ என்ற எண்ணம் நம்மை மற்றவர்களிடமிருந்து பிரித்துவிடும். தன்பரிவு நம்மை அந்த வட்டத்துக்குள்ளே உட்கார வைக்கும்.

மூன்றாவது, விழிப்பு. வலியை அமுக்காமலும் அதில் மூழ்கிவிடாமலும், இருப்பதை இருக்கிற அளவுக்குப் பார்ப்பது. ‘என் வாழ்க்கையே முடிஞ்சுபோச்சு’ என்பது மூழ்குவது. ‘எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்’ என்பது அமுக்குவது. ‘அப்பாவோட செருப்பைப் பாத்ததும் நெஞ்சு அடைக்குது’ என்பது விழிப்பு. மூத்த மகன்களுக்கு இது ரொம்பக் கடினம். ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்வது, பந்தலுக்கு ஆள் பிடிப்பது, மயானத்தில் பணம் கட்டுவது என்று எல்லாம் அவர் தலையில் விழும். அழக்கூட நேரம் இல்லாதவரை ‘தைரியமான பையன்’ என்று ஊர் பாராட்டும். அந்தப் பாராட்டே அவரை மாதக்கணக்கில் அமுக்கி வைத்துவிடும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: கனிவு, பொது மனிதத்தன்மை, விழிப்பு. மூன்றும் சேர்ந்தால் தன்பரிவு. நல்ல கேத வீட்டில் இந்த மூன்றும் வெளியிலிருந்து கிடைக்கின்றன. கூட்டம் கலைந்த பிறகு உள்ளிருந்து கிடைக்க வேண்டும்.

## உடம்பு இதை எப்படி எடுத்துக்கொள்கிறது

இதெல்லாம் வெறும் ஆறுதல் பேச்சு என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனிக்க வேண்டும். தெருநாய் துரத்தினால் யோசிப்பதற்கு முன்னாலேயே கால் ஓடத் தொடங்கிவிடுகிறது. மூளைக்குள் அமிக்டலா என்ற சிறிய பகுதி ஆபத்தைக் கண்டதும் எச்சரிக்கை கொடுக்கிறது. அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் மந்தமாகிறது. பிரிட்டனின் உளவியலாளர் பால் கில்பர்ட் இதை ‘அச்சுறுத்தல் அமைப்பு’ என்கிறார். ஆபத்து வெளியிலிருந்து வருகிறதா, நம்மை நாமே திட்டுவதிலிருந்து வருகிறதா என்று இந்த அமைப்பு பெரிதாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. ‘நான்தான் கொன்னுட்டேன்’ என்று ஒருவர் படுக்கையில் கிடந்தபடி தனக்குள் சொல்லும்போது, அந்த அமைப்புக்கு அதுவும் ஒரு தாக்குதல்தான். துக்கத்தில் ஏற்கெனவே துவண்டிருக்கும் உடம்பில் இந்த எச்சரிக்கை திரும்பத் திரும்ப அடித்தால் தூக்கம் போகும், பசி போகும், நெஞ்சு படபடக்கும்.

இதைத் தணிக்க உடம்பிலேயே இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. கில்பர்ட் அதை ‘ஆற்றும் அமைப்பு’ என்கிறார். தாய் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்கும்போது வேலை செய்வது அதுதான். இதமான தொடுதல், தணிந்த குரல், நிதானமான மூச்சு ஆகியவை அதை எழுப்புகின்றன. மூளையிலிருந்து இதயம், குடல் வரை செல்லும் வேகஸ் நரம்பு இதில் முக்கியமானது. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடும்போது இந்த நரம்பின் வழியாக இதயத் துடிப்பு குறைகிறது. அந்த அத்தை முடியை அள்ளி முடிந்து முதுகில் கை வைத்தபோது, அழுதவளின் மூச்சு கொஞ்சம் சீரானதே, அதற்குக் காரணம் இருக்கிறது.

துக்கத்துக்கு நெருக்கமான வேறோர் இழப்பில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அரிசோனா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்பாராவும் உடன் ஆய்வாளர்களும் மணமுறிவு ஆனவர்களைத் தங்கள் பிரிவைப் பற்றிப் பேச வைத்துப் பதிவு செய்தார்கள். பேச்சில் தன்பரிவு தெரிந்தவர்களுக்கு அப்போது மனவேதனை குறைவாக இருந்தது. 9 மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் நீடித்தது. ஆய்வு வெளியானது 2012இல்.

## ‘அன்னைக்கே கொண்டு போயிருந்தா’

துக்கத்தில் வருகிற தன்வதையில் பெரும்பங்கு இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

திருமங்கலத்தில் ஒரு மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு அப்பா ‘நெஞ்சைக் கரிக்குதுப்பா’ என்கிறார். மத்தியானம் ஒரு விருந்தில் கறிச்சோறு சாப்பிட்டிருக்கிறார். இதற்கு முன்னாலும் பல தடவை இப்படிச் சொல்லி, ஓமத்தண்ணி குடித்துவிட்டுத் தூங்கியிருக்கிறார். அன்றைக்கும் மகன் ஓமத்தண்ணி கொடுக்கிறான், அவரும் படுத்துவிடுகிறார். விடியும்போது உயிர் இல்லை. அதற்குப் பிறகு அந்த மகனுக்கு அந்த ராத்திரி முழுக்க ஒரே ஒரு விதமாகத்தான் ஞாபகம் வருகிறது: அப்பா மாரடைப்பு என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்து நின்றதாகவும், தான் பார்க்காமல் விட்டதாகவும்.

இதற்குப் ‘பின்னறிவுச் சாய்வு’ என்று பெயர். முடிவு தெரிந்த பிறகு, அது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்று மனம் நம்பிவிடுவது. 1975இல் பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் இதைச் சோதனையில் காட்டினார். பிரிட்டிஷாருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த பழைய சண்டையைப் பற்றிய விவரத்தைப் பலருக்கும் கொடுத்தார். ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு முடிவைச் சொன்னார். எந்த முடிவைக் கேட்டார்களோ, அந்த முடிவுதான் நடக்க அதிக வாய்ப்பு இருந்தது என்றே அந்தந்தக் குழு சொன்னது. படித்த விவரம் எல்லோருக்கும் ஒன்றுதான். முடிவு தெரிந்ததும் அதற்குப் பொருத்தமான தடயங்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்துவிட்டன.

திருமங்கலத்து மகனுக்கும் இதுதான் நடக்கிறது. மாரடைப்பின் வலி அஜீரணம் போலவே தோன்றுவதுண்டு. ஈசிஜி எடுக்காமல் மருத்துவராலும் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. பதினோரு மணிக்கு மகன் கையில் இருந்தது கறிச்சோறும் பழைய அனுபவமும் மட்டுமே. விடிந்த பிறகு தெரிந்ததை வைத்துக்கொண்டு பதினோரு மணி மகனை விசாரிப்பது நியாயமே இல்லை. இதே மகனின் நண்பன் வீட்டில் இப்படி நடந்திருந்தால், ‘உனக்கு எப்படிரா தெரியும்’ என்று இவனே தோளைப் பிடித்துச் சொல்லியிருப்பான்.

சரி, உண்மையிலேயே தவறு நடந்திருந்தால்? மாத்திரை வாங்கித் தராமல் தள்ளிப்போட்டது, கோபத்தில் பேசாமல் இருந்தது, கடைசி போனை எடுக்காதது என்று இருக்கத்தான் செய்யும். தன்பரிவு அதை இல்லை என்று மறைக்கச் சொல்லவில்லை. அதை ஒப்புக்கொள்ள, வருந்த, முடிந்ததைச் சரிசெய்யத் தெம்பு வேண்டும். நாளெல்லாம் தன்னையே அடித்துக்கொண்டிருப்பவருக்கு அந்தத் தெம்பு இருக்காது. அம்மாவிடம் பேசாமல் விட்ட ஒருவர், மிச்சமிருக்கும் சித்தியிடமாவது போய் உட்கார்ந்து பேச வேண்டுமென்றால், முதலில் வெளியே தலைகாட்டும் நிலைமைக்கு அவர் வர வேண்டும்.

## நிம்மதி வந்துவிட்டால்

இதை யாரும் வெளியே சொல்வதில்லை, அதனாலேயே சொல்லியாக வேண்டும். பக்கவாதத்தில் வருடக்கணக்காகப் படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரை ஒரு மருமகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்கிறாள். துணி மாற்றி, கஞ்சியை ஸ்பூனில் ஊட்டி, ஒரு கல்யாணம் காதுகுத்துக்குக்கூடப் போகாமல் இருக்கிறாள். மாமியார் இறந்து, எல்லாம் முடிந்த அன்றைக்கு ராத்திரி இடையில் எழாமல் தூங்குகிறாள். காலையில் முழித்ததும், ‘அப்பாடா’ என்று நினைத்த அடுத்த நொடியே, ‘சீ, நான் என்ன மனுஷி’ என்று தோன்றுகிறது.

அவள் அன்பில்லாதவளா? வருடக்கணக்காக இரவு பகலாக விழித்திருந்த உடம்பு, அந்தக் காவலிலிருந்து இறங்கியிருக்கிறது. அந்த நிம்மதியும் மாமியார் மேல் இருந்த பாசமும் ஒரே மனசில் ஒரே நேரத்தில் இருக்க முடியும். நீண்ட நோய்க்குப் பிறகு வரும் சாவில் இது மிகச் சாதாரணம். இந்த இடத்தில் மேலே சொன்ன இரண்டாவது பகுதி, பொது மனிதத்தன்மை, பெரிய மருந்து. நோயாளியைப் பார்த்துக்கொண்ட இன்னொரு பெண்ணிடம் இதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் தெரியும். ‘எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு மதினி’ என்ற பதில் வரும் வாய்ப்பு அதிகம்.

## சிரித்துவிட்டால்

ஐந்து கட்டமாகத்தான் துக்கம் நகரும் என்று எங்கோ கேட்டு வைத்திருப்போம்: மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் இதைச் சொன்னபோது, அவர் பேசியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம். அது பிறகுதான் பறிகொடுத்தவர்களுக்கும் பொதுவானதாக ஆகிப்போனது. நம் துக்கம் அந்த வரிசையில் போகவில்லை என்றால் நம்மிடம் ஏதோ கோளாறு என்று பதற வேண்டியதில்லை.

நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் இருவரும் 1999இல் சொன்னது நம் வீடுகளில் நடப்பதற்கு இன்னும் நெருக்கமாக இருக்கிறது. துக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார். ஒரு பக்கம், போனவரை நினைத்து ஏங்குவது, படத்தைப் பார்ப்பது, அழுவது. இன்னொரு பக்கம், வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் போவது, பேங்க் வேலை பார்ப்பது, பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்புவது, நடுவில் ஒரு காமெடி சீனைப் பார்த்துச் சிரிப்பது. இந்தப் போய்வருதல்தான் ஆரோக்கியம் என்பது அவர்கள் கருத்து. கணவன் இறந்து மூன்று மாதத்தில் தங்கச்சி மகனின் சேட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொள்ளும் பெண்ணுக்கு இது தெரிய வேண்டும். சிரித்த அந்த நேரம் மனம் இளைப்பாறப் போயிருந்தது. அழுகை திரும்ப வரும்.

சுருக்கமாக: பின்னறிவு நம்மைக் குற்றவாளியாக்கும், நிம்மதி கல்நெஞ்சக்காரியாகத் தோன்ற வைக்கும், சிரிப்பு துரோகமாகத் தெரியும். மூன்றிலும் மனம் இயல்பாகச் செய்யும் ஒன்றுக்காக நாம் நம்மைத் தண்டிக்கிறோம்.

## எங்கிருந்து தொடங்குவது

ராத்திரி அந்த விசாரணை தொடங்கும்போது, ஒரு கையை நெஞ்சின்மேல் வையுங்கள். மூச்சை வழக்கத்தைவிட நீளமாக வெளியே விடுங்கள். அப்புறம் நடப்பதைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: ‘இப்போ குற்ற உணர்ச்சி வந்திருக்கு.’ அதன் பிறகு, உங்கள் அத்தையோ அப்பத்தாவோ உங்களை எப்படிக் கூப்பிடுவார்களோ, அந்தப் பெயரிலேயே உங்களைக் கூப்பிட்டு, அவர்கள் சொல்லியிருக்கக்கூடியதை மனசுக்குள் சொல்லுங்கள். புத்தகத் தமிழில் ‘நான் என்னை மன்னிக்கிறேன்’ என்பதைவிட, ‘நீ என்னப்பா பண்ணுவ, உனக்குத் தெரிஞ்சதைத்தான பண்ணுன’ என்பது எளிதாக உள்ளே இறங்கும். எழுத வருகிறவர்கள் இதையே கடிதமாக எழுதலாம்.

முதல் சில தடவை இது வலியைக் கூட்டலாம். இவ்வளவு நாள் அடைத்து வைத்தது, கொஞ்சம் கனிவு கிடைத்ததும் பொத்துக்கொண்டு வரும். நெஃப்புடன் சேர்ந்து தன்பரிவுப் பயிற்சியை உருவாக்கிய கிறிஸ்டோபர் ஜெர்மர் இதைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கிறார். அப்படி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். எழுந்து முகம் கழுவுங்கள், டீ போடுங்கள், பாத்திரத்தைத் துலக்குங்கள். கையில் படும் தண்ணீரின் குளிர்ச்சியைக் கவனிப்பதும் விழிப்புதான். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

தன்பரிவு என்றால் மனப்பயிற்சி மட்டும் என்றும் எண்ண வேண்டாம். நேரத்துக்கு நாலு வாய் சாப்பிடுவது, சுகர் மாத்திரையை நிறுத்தாமல் போடுவது, முடியாத விசேஷத்துக்கு ‘இந்தத் தடவை வரலக்கா’ என்று சொல்வது எல்லாம் இதில் சேர்த்திதான். முதல் தீபாவளி, முதல் பொங்கல், ஆடி அமாவாசை, திருப்புவனத்தில் வைகைக் கரையில் முதல் திதி கொடுக்கும் நாள் ஆகியவை கனமாக வரும் என்று முன்னாலேயே தெரியும். அந்த வாரத்தில் வேறு பெரிய வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளாமல், கூட ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.

## எப்போது வெளியே உதவி தேடுவது

பெரும்பாலானவர்களின் துக்கம், மறையாவிட்டாலும், மெதுவாகக் கூர்மை குறையும். சிலருக்குக் குறையாது. மாதங்கள் போனாலும் நாள் முழுக்க அதே ஏக்கம், சாவை நம்ப முடியாமை, வேலை வெட்டி எதிலும் ஈடுபட முடியாமை நீடித்தால் அதை ‘நீடித்த துக்கக் கோளாறு’ என்று மருத்துவம் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 முதல் நடைமுறையில் உள்ள நோய்ப் பட்டியலில் இதற்குக் குறைந்தபட்சக் காலம் 6 மாதம், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வரையறையில் பெரியவர்களுக்கு 12 மாதம். இதற்குச் சிகிச்சை உண்டு. தன்பரிவை வைத்து மட்டும் இதைச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம்.

சாக வேண்டும், அவரோடே போய்விட வேண்டும் என்ற எண்ணம் வந்தால் மாதக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது, அன்றைக்கே யாரிடமாவது சொல்ல வேண்டும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டை விட்டுக் கிளம்ப முடியாதவர்கள் மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416க்குக் கூப்பிடலாம். 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், ‘வீட்டுல ஒருத்தர் தவறிட்டாங்க, எனக்குத் தூக்கமே இல்ல’ என்று சொன்னால் போதும், மீதியை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.